சி. வி. இராமனும் செவிக்கெட்டா ஒலியும்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவிச் செல்ல, இடையே நீண்டு கிடக்கும் தீவில் அமைந்தது திருவரங்கம். அரங்கநாதர் கோயிலின் ஏழு மதில்களையும் கடந்து கிழக்கு நோக்கிச் சற்றுத் தொலைவு நடந்தால் திருவானைக்காவை அடையலாம். ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரிய தலம் அது. தெற்கே காவிரியின் அக்கரையில் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை வான் நோக்கி நிமிர்ந்து நிற்கிறது. இத்தகைய சூழலில், திருவானைக்காவில், 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் சந்திரசேகர வேங்கடராமன் பிறந்தார். உலகம் அவரைச் சர் சி. வி. இராமன் என்று அறியும்.

ஒளியைப் பற்றிய கண்டுபிடிப்பே இராமனுக்கு நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஆயினும் அவர் ஒளிக்கு முன்னரே ஒலியைக் காதலித்தவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதனை விடாது ஆராய்ந்தவர். அவ்வாராய்ச்சியின் முடிவில் மனிதர் செவிக்கு எட்டாத நுண்ணொலியின் இயல்பையும் விளக்கினார். இன்று சாலையில் அடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுபவரின் உடலுக்குள் குருதி கசிகின்றதா என்பதை மருத்துவர் சில நிமிடங்களில் கண்டறிவது அந்த ஒலியின் துணையால்தான். மருத்துவத்துக்கென்று இராமன் எக்கருவியும் செய்தாரல்லர். எனினும், அக்கருவிகளில் பயிலும் ஒலியை உலகுக்கு விளங்க வைத்தவர் வரிசையில் அவருக்கு உறுதியான ஓரிடம் உண்டு.

தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயாரின் தந்தை சப்தரிஷி சாஸ்திரியார் வடமொழிப் புலவர். தருக்க நூல் பயிலும் வேட்கையால் இளமையிலேயே வங்க நாட்டு நவத்வீபம்வரை நடந்து சென்றவர் என்பர். தந்தையாரோ கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். இசையில் ஈடுபாடு மிக்கவர். பாட்டனாரின் விடாமுயற்சியும் தந்தையாரின் இசைப்பற்றும் பேரனிடத்தே ஒருங்கு வந்து சேர்ந்தன. 1892இல் தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் பணியேற்றமையால் குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. கடற்கரை ஊரில் வளர்ந்த சிறுவன் பதினோராம் வயதிலேயே பள்ளியிறுதித் தேர்வில் தேறினான்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்த இராமனைக் கண்ட ஆசிரியர் சிலர், இச்சிறுவன் வழி தவறி வகுப்பிற்குள் வந்துவிட்டானோ என ஐயுற்றதுண்டு. 1904இல் இளங்கலைத் தேர்வில் முதல்வராய்த் தேறினார். 1906இல், மாணவராக இருக்கும்பொழுதே, அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டனில் வெளிவரும் அறிவியல் இதழில் அச்சாயிற்று. அக்காலத்தில் இத்தகைய மாணவரை மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்புவது வழக்கம். ஆனால் இராமனின் மெலிந்த உடலைச் சோதித்த அரசு மருத்துவர், அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காது எனத் தடுத்துவிட்டார். அம்மருத்துவரால் தகுதியற்றதெனக் கருதப்பட்ட உடல் எண்பத்திரண்டு ஆண்டுகள் ஓயாது உழைத்தது என்பது வேறு செய்தி. உடலின் வெளித்தோற்றத்தைக் கொண்டு உள்வலிமையை அளப்பது எளிதன்று.

வேறு வழியின்றி அரசின் நிதித்துறைத் தேர்வை எழுதி, அதிலும் முதல்வராய்த் தேறினார். அதே 1907ஆம் ஆண்டில் வீணை வாசிப்பதில் வல்லவரான லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். பதினெட்டு வயது நிரம்பிய இளைஞர், கல்கத்தாவில் துணைக் கணக்காயர் பதவியில் அமர்ந்தார். கைநிறைய ஊதியம், சமூகத்தில் மதிப்பு, ஓய்வுக்குப்பின் பாதுகாப்பு. அக்காலத்து இளைஞர் வேறு எதனை வேண்டுவர்?

ஒரு நாள் அவர் டிராம் வண்டியில் செல்லும்பொழுது, பவ்பஜார்த் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய கழகம் அது. தம் நாட்டார் தாமே அறிவியல் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்னும் ஏக்கத்தால் அப்பெருமகனார் ஊரூராய்ப் பொருள் திரட்டிக் கூடம் அமைத்தார்; ஆராய வருவோரைக் காணாமலே 1904இல் மறைந்தார். இராமன் சென்று தட்டியபொழுது ஆசுதோஷ் தே என்பவர் கதவைத் திறந்தார். பின்னர்ப் பல்லாண்டுகள் இராமனுக்கு வலக்கையாய் விளங்கியவர் அவரே. அன்றுமுதல் விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம், இரவு நெடுநேரம் கழித்தே வீடு என்று அவர் வாழ்க்கை அமைந்தது. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபொழுதும் வீட்டிலேயே கருவிகளை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்.

கழகத்தில் விலையுயர்ந்த கருவிகள் மிகுதியாக இல்லை. ஆதலால் இராமன் தம் அருகிலிருந்த பொருள்களையே ஆராய்ந்தார். ஒற்றைத் தந்தியுடைய ஏக்தாரா, தம்புரா, வீணை, வயலின் ஆகியவை எவ்வாறு ஒலிக்கின்றன என்பதை ஒவ்வொன்றாய் அளந்தார். வில்லை ஒரே அழுத்தத்தோடும் ஒரே விரைவோடும் இழுத்து வயலினை வாசிக்கும் பொறி ஒன்றையும் அமைத்தார். மனிதர் கை ஓரொருகால் விரைந்தும் ஓரொருகால் தளர்ந்தும் இழுக்கும், பொறியோ சோர்வறியாது. அதனால் தந்தியின் அதிர்வை நுட்பமாய் அளக்க இயன்றது.

அவருடைய ஒலியாய்வுகளுள் தமிழ் மக்கள் நெஞ்சிற்கு மிக நெருங்கியது மிருதங்கத்தைப் பற்றியது. தந்தி ஒன்றை மீட்டினால், அடிப்படை அதிர்வோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என ஒழுங்குபட்ட அதிர்வுகளும் உடன் எழும். அவ்வொழுங்கே செவிக்கு இனிமையாய்ப் படுகின்றது. வட்டமாய் இழுத்துக் கட்டிய வெறுந்தோலுக்கோ அவ்வொழுங்கு இல்லை; அதில் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இணங்காமையால் அது பெரும்பாலும் ஓசையாக ஒலிக்குமேயன்றிச் சுரமாக ஒலிப்பதில்லை. அங்ஙனமாயின் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் சுருதி சேர்வது எவ்வாறு? நடுவே படிப்படியாய்த் தடித்துப் பூசப்பட்டிருக்கும் கருஞ்சோறுதான் காரணம் என இராமன் காட்டினார். சோற்றின் எடை தோலின் அதிர்வுகளை மாற்றி, தந்தியில் எழுவது போன்ற ஒழுங்கிற்குள் அவற்றைக் கொணர்ந்துவிடுகின்றது. தோலின்மீது நுண்மணலைத் தூவித் தட்டியபொழுது, அதிராத இடங்களில் மணல் ஒதுங்கிக் கோடுகளாய் நின்றது. செவி கேட்டதைக் கண்ணும் கண்டது. 1920இல் இதனைச் சுருக்கமாகவும் 1934இல் விரிவாகவும் வெளியிட்டார். மிருதங்கம் செய்வோர் வழிவழியாகக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த உண்மை அது. ஆனால் ஏன் என்று வினவியவர் அவருக்கு முன் இலர்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த ஆசுதோஷ் முகர்ஜி, இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு இராமனை அழைத்தார். ஊதியம் பெரிதும் குறையும் என்பது தெரிந்தே, 1917இல் அரசுப் பதவியைத் துறந்தார் இராமன். நிதித்துறையில் மிக உயர்ந்த படிகளுக்கு ஏறியிருக்க வேண்டியவர் இவ்வாறு செய்தது உறவினர் சிலருக்கு வியப்பளித்திருக்கும். லோகசுந்தரி அம்மையார் அக்குறைந்த வருவாயில் குடும்பத்தை நடத்தினார். அவருடைய பங்கை இராமனின் வரலாற்றை எழுதுவோர் இன்னும் சற்று விரிவாகக் கூறலாம்.

1921இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். குளிர் அவரை ஒன்றும் செய்யவில்லை. இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் குவிமாடத்தில் ஒரு பக்கத்துச் சுவரருகே மெல்லப் பேசுவது எதிர்ப்பக்கத்தில் தெளிவாய்க் கேட்கும். காண வருவோர் வியந்து செல்வர். இராமன் அளந்து சென்றார். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஓடுகின்றது என்பதை முன்னரே ரேலி பெருமகனார் கூறியிருந்தார். சுவரை விட்டு உள்நோக்கி வருங்கால் அதன் வலிமை ஒரே சீராகக் குறையாமல் ஏறியும் இறங்கியும் மாறுகின்றது என்பதை இராமன் கண்டார். தாயகம் திரும்பிய பின் பீசப்பூரில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த கோல்கும்பசு மாடத்திலும் இவ்வாறே ஆராய்ந்தார். இக்கடற்பயணத்தின்போதே மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் காரணத்தைத் தேடிய தேட்டம், 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவாக மலர்ந்தது. தமிழ் நாட்டவரான கே. எஸ். கிருஷ்ணன் அவ்வாராய்ச்சியில் உடனிருந்து உழைத்தார். 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் இராமனே. இச்செய்திகளை மாணவர் பிற பாடங்களில் கற்றிருப்பர். ஆதலின் ஒலிக்கே திரும்புவோம்.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராய்ப் பொறுப்பேற்றார். அந்நிறுவனத்தை ஆட்சி செய்த முதல் இந்தியர் அவரே. அங்குக் கழிந்த ஆண்டுகள் அமைதியாய்ச் செல்லவில்லை. தாம் சரியெனக் கண்டதைப் பிறர் ஒப்பும்வரை பொறுத்திருக்கும் இயல்பு அவரிடம் இல்லை. உடன் பணியாற்றியோரோடும் ஆட்சிக்குழுவோடும் பிணக்குகள் எழுந்தன. 1937இல் இயக்குநர் பதவியை விட்டு விலகிப் பேராசிரியராய் மட்டும் தொடர்ந்தார். இன்னும் ஒன்று. 1933இல் கமலா பாகவத் என்னும் பெண் அங்கு ஆராய்ச்சி மாணவியாய்ச் சேர வந்தபொழுது, பெண் என்னும் ஒரே காரணத்தால் இராமன் மறுத்தார். அப்பெண் அஞ்சாது வாதாடினார். கடுமையான நிபந்தனைகளோடு இடம் பெற்றார். ஓராண்டில் தம் திறத்தை நிலைநாட்டினார். கமலா சோஹோனி என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற அவ்வம்மையாரால் இராமன் தம் கருத்தை மாற்றிக்கொண்டு பெண்களுக்கு வாயில் திறந்தார். நடுநிலை பிறழாது நோக்கின், இதில் பெருமை இராமனினும் அவ்வம்மையாருக்கே மிகுதி.

பெங்களூரில்தான் செவிக்கெட்டா ஒலி அவர் கருத்தை ஈர்த்தது. மனிதர் செவி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள்வரை கேட்கும். அதற்கு மேற்பட்டதை மீயொலி என்பர். வௌவால் இருளில் வழியறிவது இவ்வொலியால்தான். 1880இல் பிரான்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் இருவர், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கின்றது எனக் கண்டனர். அதற்கு மறுதலையாக, மின்சாரத்தைச் செலுத்தினால் படிகம் அதிர்ந்து மீயொலியை எழுப்பும். முதல் உலகப் போரின்போது அந்நாட்டு இலாஞ்செவன் என்பவர், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காக இம்முறையில் கடலுக்குள் மீயொலியை அனுப்பி எதிரொலியைப் பெற்றார்.

1932இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஒரு புதுமை காணப்பட்டது. கண்ணாடித் தொட்டியிலுள்ள நீர்மத்தின் ஊடே மீயொலி செல்லும்பொழுது, அதற்குக் குறுக்கே மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தினால், அவ்வொளி பல கீற்றுகளாய்ப் பிரிந்து விழுந்தது. ஒலியை மிகுவித்தால் சில கீற்றுகள் மங்கி மறைந்தன; மேலும் மிகுவித்தால் மீண்டும் தோன்றின. இதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்கள் எவையும் கண்ட உண்மையோடு முற்றும் பொருந்தவில்லை. இராமனும் அவர் மாணவர் நாகேந்திர நாத் என்பவரும் 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சியாக எழுதிய கட்டுரைகளில் இப்புதிரை விடுவித்தனர்.

அவர்கள் கூறியதன் சாரம் இது. ஒலி செல்லும் நீர்மம் அடுக்கடுக்காய் நெருங்கியும் நெகிழ்ந்தும் அமைகின்றது. நெருங்கிய அடுக்கில் ஒளி சிறிது தாழ்த்துச் செல்லும். நெகிழ்ந்த அடுக்கில் சிறிது முந்திச் செல்லும். தொட்டிக்குள் புகும்பொழுது சமதளமாய் இருந்த ஒளியலை, வெளிவரும்பொழுது கொசுவிய சேலைபோல் மடிப்பு மடிப்பாய் வருகின்றது. அம்மடிப்புகளே ஒளியைப் பல கீற்றுகளாய்ப் பிரிக்கின்றன. ஒலியின் வலிமை மாறினால் மடிப்பின் ஆழம் மாறும். அதற்கேற்பக் கீற்றுகளின் ஒளியும் மாறும். கணக்கிட்டுப் பெற்ற முடிவும் கண்ணால் கண்ட காட்சியும் ஒன்றாயின. இக்கொள்கை இன்றும் இராமன்–நாத் கொள்கை என உலகெங்கும் வழங்குகின்றது.

இதனால் விளைந்த பயன் யாது? கீற்றுகளுக்கு இடையேயுள்ள இடைவெளியை அளந்தால் ஒலியலையின் நீளம் தெரியும். அதனைக்கொண்டு அந்நீர்மத்தில் ஒலி எவ்வளவு விரைவாய்ச் செல்கின்றது என்பதையும் கணக்கிடலாம். பெங்களூரில் பார்த்தசாரதி என்னும் ஆராய்ச்சியாளர் பல நீர்மங்களில் இவ்விரைவை அளந்தார். அதுமட்டுமன்று, காண இயலாத ஒலிக்கற்றையை ஒளியின் துணையால் கண்முன் நிறுத்தவும் வழி பிறந்தது. மருத்துவக் கருவிகள் எழுப்பும் மீயொலியின் வடிவத்தையும் வலிமையையும் ஆய்வுக்கூடங்களில் ஒளிகொண்டு சோதிக்கும் முறைகள் இவ்வடிப்படையில் அமைந்தவை.

1948இல் பணி ஓய்வு பெற்ற இராமன், பெங்களூரிலேயே தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1954இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. வைரம், மலர்களின் வண்ணம், மனிதக் கண்ணின் நிறவுணர்வு எனக் கடைசிவரை ஏதேனும் ஒன்றை ஆராய்ந்துகொண்டே இருந்தார். 1970ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் உயிர் துறந்தார். அவர் விருப்பப்படியே நிலையத்தின் தோட்டத்தில் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் மாளிகையோ சிலையோ எழவில்லை. ஒரு மரம் மட்டும் நிற்கின்றது.

அவர் வாழ்ந்த காலத்திலேயே மீயொலி மருத்துவத்துள் புகத் தொடங்கிவிட்டது. கிளாசுகோ நகரத்து மருத்துவர் ஐயன் டொனால்டு, உலோகத்திலுள்ள பிளவைக் கண்டறியும் கருவியை மனித உடலுக்குப் பயன்படுத்திப் பார்த்து, 1958இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இராமன் மறைந்த மறு ஆண்டில், 1971இல், டென்மார்க்கு மருத்துவர் சிலர், அடிபட்டவரின் மண்ணீரலில் தேங்கிய குருதியை மீயொலியால் கண்டறிந்தமை பற்றி எழுதினர். செருமானிய அறுவை மருத்துவர் அதனை வளர்த்தனர். 1990களில் அது ஃபாஸ்ட் என்னும் பெயரோடு அவசர மருத்துவத்தின் ஒழுங்குபட்ட முறையாயிற்று. விரைவு என்னும் பொருள் தரும் அப்பெயர் அதற்குப் பொருத்தமானதே.

அதன் அருமையை உணர, இராமன் பிறந்த ஊரின் அருகே செல்லும் சாலையையே எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து திருச்சிராப்பள்ளியை அடைகின்றது. இரவும் பகலும் ஊர்திகள் ஓயாத சாலை அது. ஓர் இளைஞன் இருசக்கர வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுகிறான் எனக் கொள்வோம். 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் 108 ஊர்தி அவனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கிறது. முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியில் சிறு வெட்டு. வயிற்றில் வலி என்கிறான். ஆனால் அங்குக் காயமில்லை. இவன் நலமாயிருக்கிறானா, அன்றிச் சாவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறானா? வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதி உண்டு. மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தால், அது வெளியே ஒரு துளியும் தோன்றாமல் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். இளையோர்க்கு மூன்றிலொரு பங்கு குருதி வெளியேறும்வரைகூட இரத்த அழுத்தம் பெரிதும் தாழாமல் இருத்தல் கூடும். தாழ்ந்த பின்னரோ காலம் மிகக் குறைவு.

முற்கால மருத்துவர் உடலைத் தட்டிப் பார்த்தே உள்ளிருப்பதை உய்த்துணர்ந்தனர். 1761இல் இம்முறையை எழுதி வெளியிட்ட வியன்னா மருத்துவர் அவுன்புருக்கர், விடுதிக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே மது எதுவரை நிற்கின்றது என அறியும் வழக்கம் அவருக்கு அதனை நினைவூட்டியது என்பர். மிருதங்கம் தட்டுவோருக்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் கூக்குரலும் பரபரப்பும் நிறைந்த அவசரப் பிரிவில் அந்த நுண்ணிய வேறுபாடு செவிக்குப் புலப்படுவது அரிது. 1965 முதல் வேறொரு முறை பரவிற்று: வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் செலுத்தி, உப்புநீரைப் பெய்து, திரும்பி வரும் நீரில் குருதி கலந்துள்ளதா என்று பார்த்தனர். அது நம்பத்தக்கதே; ஆயினும் அடிபட்டவனுக்கு மேலும் ஒரு காயம்.

மீயொலிக்கோ கத்தியும் வேண்டா, குழாயும் வேண்டா. மருத்துவர் நோயாளியின் படுக்கையருகே சிறு கருவியைத் தள்ளி வருகிறார். தோலுக்கும் கருவிமுனைக்கும் இடையே காற்று நின்றால் ஒலி உட்புகாது. ஆதலால் ஜெல் என்னும் கூழைத் தடவுகிறார். நொடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை அதிரும் ஒலி, உடற்சதைக்குள் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் விரைவில் பாய்கின்றது. உறுப்புகளின் எல்லைகளில் பட்டு எதிரொலி திரும்பும். திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகின்றது. பொதுமக்கள் ஸ்கேன் என வழங்குவது இதனையே. கல்லீரலும் சிறுநீரகமும் சாம்பல் நிறமாய்த் தோன்றும். புதிதாய்ச் சிந்திய குருதி எதிரொலி எழுப்பாமையால் கருமையாய்த் தோன்றும்.

மருத்துவர் உடல் முழுவதையும் தேடுவதில்லை. படுத்திருப்பவர் வயிற்றில் சிந்திய குருதி தாழ்ந்த பள்ளங்களை நாடிச் சேரும் என்பதால், அவ்விடங்களையே நோக்குகிறார். வலப்பக்கம் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடைப்பட்ட பள்ளம் முதலாவது. இடப்பக்கம் மண்ணீரலைச் சூழ்ந்த இடம் அடுத்தது. பின்னர்ச் சிறுநீர்ப்பைக்குப் பின்புறம். நான்காவதாக இதயத்தைச் சூழ்ந்த உறையையும் பார்ப்பர். அங்குக் குருதி நிறைந்தால் இதயம் விரிய இடமின்றி நின்றுவிடும். அண்மைக் காலத்தில் மார்பின் இருபுறமும் கருவியை வைத்து, நுரையீரலைச் சூழ்ந்து காற்றோ குருதியோ சேர்ந்துள்ளதா எனவும் அறிகின்றனர். இவையனைத்திற்கும் பயின்ற கைகளுக்குச் சில நிமிடங்களே ஆகும். அழுத்தம் தாழ்ந்து கிடப்பவன் வயிற்றில் கரும்பட்டை ஒன்று திரையில் தெரிந்தால், அவனை வேறு சோதனைகளுக்கு அலைக்கழிக்காமல் நேரே அறுவைக் கூடத்துக்குக் கொண்டு செல்வர்.

இக்கருவியைத் தீய வழியில் பயன்படுத்தியவரும் உண்டு. கருவிலிருப்பது பெண் எனக் கண்டு அழிக்கும் கொடுமை நாட்டில் பரவியமையால், 1994இல் அதனைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மீயொலிக் கருவியுள்ள இடங்கள் யாவும் பதிவு செய்யப்படல் வேண்டும். உயிர் காக்க வந்த கருவிக்குக் காவல் போட நேர்ந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் அக்காவல் தேவையானது.

மீயொலி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று எண்ணுதலும் தவறு. குடலிலுள்ள காற்று ஒலியை மறித்துவிடும். ஆதலால் கிழிந்த குடலை அது பெரும்பாலும் காட்டாது. முதுகுப்புறமாய்த் தேங்கும் குருதியும் எளிதில் அகப்படாது. திரையிலுள்ள கருமை குருதியா, வேறு நீரா என்பதையும் அது பிரித்துரைக்க மாட்டாது. கசிவு சிறிதாயின் தொடக்கத்தில் தெரியாமலும் போகும். ஆதலின் முதல் முறை ஒன்றும் காணாத மருத்துவர் அவ்விளைஞனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. நாடியையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே அருகில் வைத்திருக்கிறார். வேண்டுமிடத்துக் கணினி வழி எடுக்கும் ஊடுகதிர்ப் படத்துக்கு அனுப்புகிறார். சிறிது நேரம் கழித்து மீண்டும் ஜெல்லைத் தடவி, கருவிமுனையை அதே பள்ளத்தின்மீது வைத்துப் பார்க்கிறார்.